சென்டினல்: முதல் மதிப்பீட்டிலேயே தவறிய கணக்கு

ஆயுதத் திட்டங்களின் செலவு கைமீறிப் போகும்போது அது மறைக்கப்படக் கூடாது என்பதற்காக 1982-ல் அமெரிக்காவில் உருவானது நன்-மெக்கர்டி விதி. ஓர் அலகின் சராசரி விலை நடப்பு மதிப்பீட்டைவிட 25 சதவீதமோ, தொடக்க மதிப்பீட்டைவிட 50 சதவீதமோ கூடினால் அந்தத் திட்டம் கைவிடப்பட வேண்டும். தொடர வேண்டுமானால், நாட்டின் பாதுகாப்புக்கு அது இன்றியமையாதது, மலிவான மாற்று இல்லை, புதிய மதிப்பீடு ஏற்கத்தக்கது என்று பாதுகாப்புத் துறை நாடாளுமன்றத்துக்குச் சான்றளிக்க வேண்டும். இந்த விதியின் பலமும் பலவீனமும் சென்டினல் ஏவுகணை விஷயத்தில் ஒருசேர வெளிப்பட்டன.

1970 முதல் நிலத்தடிக் குழிகளில் நிறுத்தப்பட்டுவரும் மினிட்மேன்-3 அணு ஆயுத ஏவுகணைகளுக்கு மாற்றாக வருவது சென்டினல். போட்டியிலிருந்து போயிங் விலகிக்கொள்ள, தனியாக நின்ற நார்த்ராப் குரும்மனுக்கு 2020 செப்டம்பரில் 1,330 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2024 ஜனவரியில், விலை 37 சதவீதம் உயர்ந்துவிட்டதாக விமானப்படை அறிவித்தது. விதி கட்டாயப்படுத்திய மறு ஆய்வு முடிந்த ஜூலையில் அந்த உயர்வு 81 சதவீதமாகவும், மொத்தச் செலவு 14,090 கோடி டாலராகவும் தெரியவந்தது. பெரும்பகுதி உயர்வுக்குக் காரணம் ஏவுகணை அல்ல. ஏவுகுழிகள், கட்டுப்பாட்டு மையங்கள், அவற்றை இணைக்கும் கேபிள்கள் ஆகிய கட்டுமான வேலைகள். ஆய்வு கட்டாயமாக இல்லாதிருந்தால் இந்த உண்மை இன்னும் பல ஆண்டுகள் கோப்புகளுக்குள் கிடந்திருக்கும். அந்த வகையில் விதி தன் கடமையைச் செய்தது.

ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே செய்தது. அரை நூற்றாண்டு பழைய குழிகளின் நிலையைச் சரியாக அறியாமல் போட்ட மதிப்பீட்டையே அது அளவுகோலாக வைத்திருந்தது. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் களத்தில் நின்றதால், அந்த மதிப்பீட்டை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலைப்புள்ளியும் இல்லை. இதைவிடக் கவலை தருவது, விதி விலையை அளக்கிறதே தவிர காலத்தை அளப்பதில்லை என்பது. சென்டினல் பல ஆண்டுகள் தாமதமாகிறது; அதுவரை மினிட்மேனைப் பராமரிக்கும் செலவு வேறொரு கணக்கில் ஏறுகிறது. சென்டினலின் அலகு விலையில் அது தெரியாது.

வரம்பு மீறிய திட்டத்தை விதிவிலக்கின்றி ரத்து செய்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். 2008-ல் ராணுவத்தின் உளவு ஹெலிகாப்டர் திட்டம் அப்படித்தான் கைவிடப்பட்டது. ஆனால் எல்லாவற்றையும் அப்படி ரத்து செய்தால், அதிகாரிகள் முதல் மதிப்பீட்டையே ஊதிப் பெருக்கித் தற்காத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே குழிகளை ஆராய வேண்டும் என்றால், அணு ஆயுதத் தடுப்பாற்றல் அந்த ஆய்வுக்காகக் காத்திருக்க முடியாது என்ற வாதமும் எழும். ஆனால் அந்த அவசரத்தால் ஒரு நாளும் மிச்சமாகவில்லை. 2024-ல் திட்டத்தின் முந்தைய ஒப்புதலையே திரும்பப் பெற்று, முழுவதையும் மறுசீரமைக்க நேர்ந்தது. ஒப்பந்தத்துக்கு முன்பே சில குழிகளைத் திறந்து ஆராய்ந்திருந்தால், அந்த ஆய்வுக்கான செலவு இந்த விலை உயர்வின் அருகில்கூட வந்திருக்காது. ஆகவே தண்டனையைக் கூட்டுவதால் பயன் இல்லை. கட்டுமானத்தை ஏவுகணையிலிருந்து பிரித்துத் தனியாக மதிப்பிட வேண்டும். விலைக்கு இருப்பதுபோலக் காலத்துக்கும் ஒரு வரம்பு வைத்து, பழைய ஆயுதத்தின் பராமரிப்புச் செலவையும் புதிய திட்டத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும்.