நாடு என்னும் ஒரு சொல்

ஐரோப்பிய மக்களிடம் நெடுநாளாக ஒரு வினா கேட்கப்பட்டு வருகிறது. “நீங்கள் உங்கள் நாட்டவர் மட்டுமா? முதலில் நாட்டவர், பிறகு ஐரோப்பியரா? முதலில் ஐரோப்பியரா? ஐரோப்பியர் மட்டுமா?” யூரோபரோமீட்டர் என்னும் கருத்தாய்வு 1992 முதல் இதைப் பலமுறை கேட்டுள்ளது. தம்மை ஐரோப்பியர் என்றும் சொல்லிக்கொள்வோர் முதியோரைவிட இளையோரிடையே மிகுதி. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டன் முடிவு செய்தபோதும், வாக்களித்த இளைஞருள் பெரும்பாலோர் விலக வேண்டாம் என்றே வாக்களித்தனர்.

இவ்வினாவை நம் ஆவடிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயமே இலட்சியம் என்று தீர்மானித்த ஊர் அது. அதன் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பல மாநிலத்தாரும் அங்கே அண்டை வீட்டாராயினர். அவ்வூரில் வளரும் முஸ்லிம் இளைஞனுக்கு நாடு என்பது வெறும் வரைபடமன்று. தெருவில் நாள்தோறும் காணும் முகங்கள். அவனிடம், “நீ தமிழனா, இந்தியனா, முஸ்லிமா? எது முதலில்?” என்று கேட்டால் என்னாகும்? அங்கே ஆராய்ச்சியாக இருந்த வினா, இங்கே பல வேளைகளில் சோதனையாகி விடுகிறது.

இச்சோதனைக்கு நம் மேடைகள் தரும் விடை யாது? விடுதலைப் போரில் உயிர் நீத்த முஸ்லிம்களின் பெயர்ப்பட்டியல். அத்தியாகம் போற்றற்குரியது, ஐயமில்லை. ஆயினும் அப்பட்டியல் ஒரு வாக்குமூலமாக ஒலிக்கிறது. கேட்பவனை நீதிபதியாக ஏற்றுக்கொண்டு, நம் பிள்ளைகளைக் கூண்டில் நிறுத்துகிறது.

உமறுப் புலவர் அவ்வாறு கூண்டில் ஏறியவரல்லர். பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய அவர், நாட்டுப்படலத்தில் அரபு நாட்டுக்குத் தமிழகத்தின் மழையையும் ஆற்றையும் நெல்வயலையும் வழங்கினார். பாலை நிலத்தில் வயலா என்று நகைப்போர் உண்டு. காப்பிய மரபு அதைக் கேட்டது, கம்பரும் கோசலத்துக்குத் தமிழ் வயல்களைத் தந்தார் என்று அமைதி கூறுவோரும் உண்டு. நாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வோம்: ஒரு மரபைத் தனது என்று கருதாதவன் அதனை இத்துணை உரிமையோடு எடுத்தாள இயலாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணையும் தாம் பிறந்த மண்ணையும் புலவர் வரிசைப்படுத்தவில்லை. ஒன்றின் அழகால் மற்றொன்றைப் பாடினார்.

தமிழ்ச் சொல்லே அதற்கு இடந்தருகிறது. செட்டிநாடும் நாடு, 1969இல் பெயர் பெற்ற தமிழ்நாடும் நாடு, இந்தியாவும் நாடு. சிறியது பெரியதற்குள் பகையின்றி அடங்குகிறது. மோதலே நேர்ந்ததில்லையா எனில், நேர்ந்தது. ஆனால் தனிநாட்டுக் கோரிக்கையைத் தி.மு.க. 1963இல் கைவிட்டது, 1965இல் மாணவர்கள் போராடியது இந்தியாவுக்குள் தமிழுக்குரிய இடத்தைக் கேட்டே.

ஆகவே நம் இளம் எழுத்தாளருக்கு ஒன்று சொல்வோம். நாட்டுப்பற்றை மெய்ப்பிப்பதற்காக எழுத வேண்டா. ஆவடியின் தொழிற்சாலைச் சங்கையும் அம்பத்தூரின் பட்டறைகளையும் பூந்தமல்லியின் பள்ளிவாசலையும் உமறுப் புலவரின் உரிமையோடு எழுதுங்கள். தன் வீட்டைப் பற்றிப் பேசுபவனிடம் யாரும் பட்டா கேட்பதில்லை. கேட்டாலும் அவன் பேச்சை நிறுத்துவதில்லை.