எண் சொல்லாத தூரம்

கோல்ஃப் மைதானத்தில் ஒருவர் மணிக்கட்டைப் பார்த்தால் நேரம் பார்க்கிறார் என்று இப்போது சொல்ல முடியாது. குழி வெட்டிய புல்பரப்பான கிரீனின் முன்விளிம்பு 138 யார்டு, நடு 151, பின்விளிம்பு 164 என்று கைக்கடிகாரமே சொல்லிவிடுகிறது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் தான் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கணிப்பு பத்து இருபது மீட்டருக்குள் வந்தது. இன்று திறந்த வெளியில் அது இன்னும் துல்லியம். விளையாட்டுக்குள் இந்தக் கருவி நுழைந்த வாசல் அதுதான்.

2006 முதல் மைதானங்கள் விரும்பினால் இதை அனுமதிக்கலாம் என்றிருந்த கோல்ஃப் விதி, 2019-இல் தலைகீழானது. விசேஷமாகத் தடுத்தால் தவிர, தூரம் அளப்பது எங்கும் செல்லும். இந்த முடிவு சரி என்பதே என் கருத்து. தூரம் என்பது எந்நாளும் ரகசியமாக இருந்ததில்லை. 1961-இல் பெப்பிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியின்போது, நண்பர் டீன் பீமன் சொன்னதைக் கேட்டு ஜாக் நிக்லஸ் காலடியால் தூரம் அளந்து குறித்துக்கொள்ளத் தொடங்கினார். பிறகு தூரக் குறிப்பேடு தொழில்முறை ஆட்டக்காரர்களின் பின்பையில் நிரந்தரமாகக் குடியேறியது. தன் பையைத் தானே சுமக்கும் சாதாரண உறுப்பினருக்கோ, வழியில் நட்ட 150 யார்டு கம்பம்தான் கதி. அந்த ஏற்றத்தாழ்வைக் கருவி வெகுவாகக் குறைத்திருக்கிறது.

ஆனால் கருவிக்கு எது தெரியும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தை அது செயற்கைக்கோள்களிடமிருந்து அறிகிறது. கிரீன் இருக்கும் இடத்தைத் தனக்குள் சேமித்த வரைபடத்திலிருந்து எடுக்கிறது. இன்றைக்குக் குழியை எந்த மூலையில் வெட்டியிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஏழு பெரும் கிரீன்களை இரண்டிரண்டு குழிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அவ்வளவு அகன்ற பரப்பில் ‘நடு’ என்ற எண்ணுக்கு என்ன பொருள்? லேசர் கருவி கொடியையே குறிவைத்து அளக்கும். ஆனால் கொடி கண்ணில் பட வேண்டும். மேட்டுக்கு அந்தப்புறம் கிரீன் மறைந்திருக்கும்போது ஜிபிஎஸ்தான் கைகொடுக்கும்.

தூரத்துக்கு வெளியே இருப்பவைதான் ஆட்டத்தின் கடினமான பகுதி. காற்றின் வேகத்தைக் கருவியால் அளக்க விதி அனுமதிப்பதில்லை. ஏற்ற இறக்கத்தை அளப்பதும் குற்றம். அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதல் முறை இரண்டு அடி தண்டனை, மறுமுறை தகுதிநீக்கம். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும், மேட்டை நோக்கி அடித்தால் முன்னதாகவே விழும். திரையில் தெரியும் 150 யார்டு இந்த இரண்டையும் சொல்லாது.

இதற்கு நல்ல உரைகல் 2021 மே மாதம் தென் கரோலினாவின் கியாவா தீவில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப். ஆண்களுக்கான மேஜர் போட்டிகளில் தூரம் அளக்கும் கருவிகளை அனுமதித்த முதல் போட்டி அது. ஆட்டம் தடையில்லாமல் நகரும் என்பதே சொன்ன காரணம். கடலோரத்து ஓஷன் மைதானத்தில் பதினேழாவது குழி, தண்ணீரைத் தாண்டி 200 யார்டுக்கு மேல் அடிக்க வேண்டிய பார்-3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. அங்கே தூரம் எல்லோர் கையிலும் ஒன்றுபோல இருந்தது. காற்றை அவரவர்தான் படிக்க வேண்டியிருந்தது. வென்றவர் ஐம்பது வயது ஃபில் மிக்கல்சன். அதற்கு முன் அந்த வயதில் எவரும் மேஜர் பட்டம் பெற்றதில்லை.

வேகம் கூடும் என்ற வாதத்தை நான் அரைகுறையாகவே ஏற்கிறேன். கம்பத்தைத் தேடி நடப்பது மிச்சம், உண்மை. ஆனால் பார் 72 கணக்கில் 36 அடிகள் கிரீனின் மேல் போடும் பட்டிங்குக்கே ஒதுக்கியவை. அங்கே இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. நேரம் கரைவதோ பெரும்பாலும் அங்கேதான்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. என்றோ ஒருநாள் ஏழாம் எண் இரும்பு மட்டையில் 150 யார்டு அடித்தவர், அதையே தன் தூரம் என்று நம்பிவிடுகிறார். கருவி 150 காட்டியதும் அதே மட்டையை உருவுகிறார். பந்து முன்னால் உள்ள மணற்குழியில் விழுகிறது. அளவு துல்லியம்தான், அடிப்பவரின் கணக்கில்தான் ஓட்டை. நடுவைக் காட்டும் எண்ணைவிடப் பின்விளிம்பைக் காட்டும் எண்ணைப் பார்த்து மட்டை எடுத்தால் இவர்களில் பலர் கிரீனை எட்டுவார்கள்.

கண்ணால் தூரம் அளக்கும் திறமை நம் நாட்டில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடிகளிடம் வளர்ந்தது. டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபனை வென்றார். அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. புல்லின் ஈரமும் மரக்கிளையின் அசைவும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு உருவாகும். எண்ணைக் கேட்டுப் பழகிய கை அதைக் கற்பது கடினம்.

கருவியைத் தடைசெய்யக் காரணம் எதுவுமில்லை. பயிற்சியாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பிள்ளைகள் முதலில் நின்று பார்த்து, தூரத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். கடிகாரத்தை அதன் பிறகு பார்க்க விடுங்கள்.