மஞ்சளில் இல்லாதவை

2015 செப்டெம்பரில் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்தின் இலங்கை விசாரணை அறிக்கை வெளிவந்தபோது இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன். 250க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பிடிஎஃப். அண்மையில் அண்ணாவின் மகள் தன் பல்கலைக்கழகக் கட்டுரைக்காக அதைக் கேட்டாள். நான் ஹைலைட் செய்துவைத்த பிரதியையே அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் வந்தாள்.

"சித்தப்பா, எல்லாம் மஞ்சளாக் கிடக்கு. நீங்கள் என்ன நினைச்சனீங்கள் எண்டு ஒண்டும் இல்லையே?"

திறந்து பார்த்தேன். எறிகணை வீச்சு, ஆஸ்பத்திரிகள், காணாமலாக்கப்பட்டோர்: எனக்கு முன்பே தெரிந்தவை அனைத்திலும் மஞ்சள். எந்த அளவுகோலில் சாட்சியங்கள் எடைபோடப்பட்டன என்று சொல்லும் பகுதி வெறுமை. புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு, சிறுவர் சேர்ப்புப் பற்றிய பகுதிகளிலோ ஒரு கோடுகூட இல்லை. வாசிக்காமல் விட்டேன் என்று சொல்லமாட்டேன். வாசித்தேன், கை போகவில்லை.

இந்த மஞ்சளை வாசிப்பு என்று நாம் நம்புவதுதான் பிசகு. கற்கும் முறைகளை ஒப்பிட்டு டன்லொஸ்கியும் சகாக்களும் 2013இல் எழுதிய ஆய்வு, ஹைலைட் செய்வதைப் பயன் குறைந்தவற்றின் வரிசையில் வைத்தது. எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. மஞ்சளோடு யாரும் வாதாட முடியாது. நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டின் அடிகளை இடம் மாற்றிப் பொருள் கொண்டார். நூற்றாண்டுகள் கழித்து மறைமலையடிகள் அதை மறுத்துத் தம் ஆராய்ச்சியுரையை எழுதினார். முன்னவர் காரணத்தோடு எழுதி வைத்ததால்தானே மறுக்க முடிந்தது? வெறும் கோடு கிழித்திருந்தால் அடிகளார் எதை மறுத்திருப்பார்?

கருவிகளையும் சொல்ல வேண்டும். ஆவணத்தைத் தொடாமல் குறிப்பைத் தனியே வைக்கும் முறைக்கு 2017இல் டபிள்யூ3சி ஒரு தரத்தை வகுத்தது. குறித்த சொற்களையும் அவற்றின் முன்பின் சொற்களையும் பிடித்துக்கொண்டு குறிப்பு தன் இடத்தைத் தேடும். நல்ல ஏற்பாடு, ஆனால் மூலம் மாறினால் குறிப்பு அநாதை. நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நூலகம் தளத்திலுள்ள பழைய சஞ்சிகைகள் பல படங்களாகவே இருக்கின்றன. பிடிக்க எழுத்தே இல்லை. பாமினி எழுத்துருவில் செய்த கோப்பில் ஒரு வரியைப் பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துக் கூளம்தான் கிடைக்கும்.

ஆகவே இப்போது பழைய வழிக்குத் திரும்பியிருக்கிறேன். தனிக் கோப்பு, பந்தி எண், கீழே தமிழில் என் வாக்கியம். ஐ.நா. அறிக்கையில் பந்திகளுக்கு எண் இருப்பது பெரிய உதவி. எந்தத் திரையிலும் அது மாறாது. வேகம் பாதியாகிவிட்டது. சில பந்திகளுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் எண்ணை மட்டும் போட்டு விட்டிருக்கிறேன்.

சிறுவர் சேர்ப்புப் பகுதியிலிருந்து தொடங்கினேன். என் முதற் குறிப்பு நான்கு வரி. பெறாமகள் அதன் கீழே ஏழு வரியில் மறுத்து எழுதியிருக்கிறாள், ஆங்கிலத்தில். பதில் இன்னும் எழுதவில்லை.