முயலுக்கு எந்தத் துப்பாக்கி?

ஆங்கிலத்தில் துப்பாக்கி பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு தனி வகைக் கட்டுரை உண்டு. முயல், அணில், காடை மாதிரி சின்ன வேட்டைக்கு எனக்குப் பிடித்த சின்னத் துப்பாக்கி எது, ஏன் என்பதுதான் பொருள். அமெரிக்காக்காரர் எழுதினால் பெரும்பாலும் பாயின்ட் டூ டூ ரைஃபிளில் வந்து நிற்பார். 1887இல் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டா இன்னும் விற்கிறது. அதைச் சுடுகிற ரூகர் 10/22 1964இல் வந்தது, அதுவும் இன்னும் விற்கிறது. அப்பாவின் துப்பாக்கி, முதல் அணில், பனி விழுந்த காலை என்று கட்டுரை போகும்.

இந்த வகையை நான் விடாமல் படிக்கிறேன். என்னிடம் உரிமமும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. ஏன் படிக்கிறேன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

தமிழில் இதற்கு நேரான எழுத்து எதுவென்று தேடினால், எனக்கு முதலில் அகப்படுவது புறநானூற்றின் 152ஆம் பாட்டு. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் பாடியது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் பக்கத்துப் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்ச் செருகிக்கொள்கிறது. சேந்தமங்கலம் பக்கமோ துறையூர் பக்கமோ படித்தவர்களுக்கு இது பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவும் நடக்கிறது. விழாவில் அம்பின் வேகத்தைப் பேசுவார்கள். உடும்பைப் பேசி நான் கேட்டதில்லை.

உடும்பில்தான் பாட்டே இருக்கிறது என்று நினைக்கிறேன். யானையோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் வீரம். கம்பனின் இராமன் ஏழு மராமரங்களையும் ஒரே அம்பால் துளைப்பான். அந்த அம்பு உலகங்களையும் துளைத்துவிட்டுத் திரும்பி வரும். அதற்கு எல்லையே இல்லை, அதனால் அந்த இடத்தில் எனக்கு மரமும் தெரிவதில்லை, அம்பும் தெரிவதில்லை. வன்பரணரின் அம்போ ஒவ்வொரு உடம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பெரிய விலங்கிலிருந்து சின்ன விலங்குக்கு இறங்கி, ஒரு முழப் பிராணியில் நின்றுவிடுகிறது. மிகைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அம்பு ஓய்ந்துபோகும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய மிகை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஐம்பது பவுண்டு இழுப்புள்ள வில்லிலிருந்து கிளம்பும் அம்பின் ஆற்றல் ஐம்பது, அறுபது ஜூல் இருக்கும். முயல் துப்பாக்கி என்று சொல்லப்படும் .22 தோட்டாவோ சுமார் 150 ஜூல். அதாவது மானைக் கொல்கிற வில்லைவிட முயலைக் கொல்கிற துப்பாக்கிக்கு மூன்று மடங்கு சக்தி. அம்பு வெட்டிக் கொல்கிறது, அதன் வேலை முனையில் இருக்கிறது. கென்யாவின் வாலியாங்குலு வேட்டைக்காரர்கள் நூறு பவுண்டுக்கு மேல் இழுப்புள்ள வில்லால் யானையையே கொன்றார்கள், ஆனால் அம்பில் விஷம் தடவித்தான். பெரிய துப்பாக்கி, சின்னத் துப்பாக்கி என்ற பேச்சில் இந்த எண்களெல்லாம் கலந்துபோய்விடுகின்றன. எவ்வளவு கிட்டே போகிறாய், எங்கே படுகிறது என்பது மட்டும் மாறுவதில்லை. கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேல் ஆப்பிரிக்க யானைகளைக் கொன்றவர். பெரும்பாலும் அவர் பயன்படுத்தியது .275 என்ற, யானைக்கு ரொம்பச் சின்னது என்று மற்றவர்கள் ஒதுக்கிய துப்பாக்கி. ஆயிரம் யானை என்று படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது, அது வேறு விஷயம்.

அதே .275 ரிக்பிதான் ஜிம் கார்பெட்டின் பேரோடு ஒட்டிக்கொண்டது. 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அரசு தரப்பில் அவருக்குப் பரிசாக வந்தது. கார்பெட் வாசகர்கள் ரிக்பியைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கென்னவோ, அவருடைய நல்ல துப்பாக்கி எழுத்து ரிக்பி பற்றியது அல்ல. 1953இல் வந்த 'ஜங்கிள் லோர்' நூலில் சிறுவயதுத் துப்பாக்கி ஒன்று வரும். ஸ்டீபன் டீஸ் என்ற உறவினர் கொடுத்த, வாய்வழியாக மருந்து கிட்டிக்கிற இரட்டைக்குழல். வலது குழல் பிளந்து கிடக்கிறது. பித்தளைக் கம்பி சுற்றித்தான் கட்டையும் குழலும் சேர்ந்திருக்கின்றன. இடது குழல் மட்டும் உருப்படி. ஆகவே பையனுக்கு ஒரே வெடி. தவறினால் மறுபடி கிட்டிக்க நேரம் பிடிக்கும், மருந்தும் ரவையும் காசு. எனவே காட்டுக்கோழி எங்கே மேய்கிறது, காற்று எந்தப் பக்கம், காலடிச் சத்தம் கேட்குமா என்று பார்க்காமல் சுட முடியாது. இந்தத் துப்பாக்கியோடு அவர் காட்டுக்கோழி தேடிப் போனபோது புதரிலிருந்து புலி வந்து அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தன்பாட்டுக்கு நடந்து போனதாக 1944இல் வந்த முதல் புத்தகத்தின் முன்னுரையில் எழுதுகிறார். கையில் ரிக்பி இருந்திருந்தால் அந்தப் பத்தி எழுதப்பட்டிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் கதை. எனக்குப் பதினாலு வயசு. துறையூரில் இருந்த மாமா ஏர்கன் வாங்கியிருந்தார். .177 குழல், 20 ஜூலுக்குள் இருந்தால் இன்றைய விதிப்படி அதற்கு ஆயுத உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாம் என்றால் எதையும் சுடலாம் என்பதுதான் மாமாவின் சட்ட ஞானம். ஞாயிற்றுக்கிழமை புளியஞ்சோலைக்குக் கூட்டிப்போனார். கொல்லிமலையிலிருந்து அய்யாறு இறங்கி வருகிற அடிவாரம் அது. அப்போது இவ்வளவு கூட்டம் கிடையாது. தெரிந்தவர் தோப்பின் ஓரமாக, சாயங்காலம், ஒரு முயல் வெளியே வந்து உட்கார்ந்தது. நாற்பதடி இருக்கும். மாமா துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டார்.

டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் இல்லை, குண்டு பட்ட சத்தம். முயல் ஒரு முழம் எகிறி, முள்ளுக்குள் ஓடிவிட்டது. இருட்டும் வரைக்கும் தேடினோம். இலை மேல் இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான்.

தோப்புக் காவலுக்கு மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருத்தர் இருந்தார். மாமா அவரை "கவுண்டரே" என்பார். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "இதுக்குக் கவட்டையே தேவலாம் தம்பி. கல்லு பட்டா விழுந்துரும், படலேன்னா ஓடிரும். இது பட்டும் ஓடுது பாரு."

நான் இதுவரை படித்த சின்னத் துப்பாக்கிக் கட்டுரைகளில் இந்த அளவுக்குத் துல்லியமான விமர்சனம் ஒன்றுகூட இல்லை. இருபது ஜூல் முயலைக் கொல்லப் போதும், தலையில் பட்டால். உடம்பில் பட்டால் அது முயலைக் கொல்லாது, சாகவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு இருக்கிறது. பிடித்த துப்பாக்கி பற்றி எழுதுகிறவர்கள் கொத்தாக விழுந்த குண்டுகளைக் காட்டுவார்கள், காகிதத்தில். ஓடிப்போனதை எழுதுகிறவர் அபூர்வம். அதைத் தேடித்தான் படிக்கிறேன் போலிருக்கிறது.

அந்தப் பெரியவருக்கு 'பிடித்த துப்பாக்கி' என்ற சொற்றொடரே விளங்கியிருக்காது. மலைமேல் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. இரும்புக் குழாயில் கொல்லர் செய்து கொடுத்தது, கரிமருந்து, அடைக்கத் தேங்காய் நார், குண்டுக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ். போலீஸ் பாஷையில் எஸ்.பி.எம்.எல். உரிமமில்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவிப்பு வருவதும், சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பதும் மலைக்கிராமங்களில் இன்றும் செய்திதான். அதற்கு அடுத்தபடி கண்ணி, வலை, நாய். தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் லண்டனில் ரூக் ரைஃபிள் என்ற பொடித் துப்பாக்கியை அளவெடுத்துச் செய்யச்சொல்லி வரவழைக்கலாம். இங்கே ஒரு சாதிக்கே குருவிக்காரர் என்று பேர். சின்ன வேட்டையே தொழிலாக இருந்தும், அவர்கள் கையிலிருந்த துப்பாக்கியை யாரும் விமர்சனம் எழுதவில்லை.

வன்பரணரும் இந்த இடத்தில் தப்பவில்லை. ஓரி யாரென்று தெரியாமலே பார்த்துவிட்டு, இவன் கொன்று விற்கிறவன் போல இல்லையே, செல்வன் போலல்லவா இருக்கிறான் என்று வியக்கிறார். விற்கிறவன் கீழே, விளையாட்டுக்குக் கொல்கிறவன் மேலே என்ற தராசு அப்போதே இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் அவர் பக்கம் சொல்லலாம்: பாட்டைக் கேட்டதும் ஓரி வெட்கப்படுகிறான். பிறகு இறைச்சியும் கள்ளும் பொன்னும் கொடுக்கிறான். தன் ஆயுதத்தைப் புகழக் கேட்டு வெட்கப்பட்ட ஒருவரை நவீன வேட்டை எழுத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை. ஜவளகிரிக் காடுகளைப் பற்றி அவ்வளவு நன்றாக எழுதிய கென்னத் ஆண்டர்சன்கூடத் தன் .405 வின்செஸ்டர் என்று வந்துவிட்டால் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்திக்கொள்வார்.

இன்றைய சட்டத்தில் ஓரியின் ஐந்தில் யானை, புலி, உடும்பு மூன்றும் முதல் அட்டவணை. உடும்புக்கு யானையோடு சம இடம் கொடுத்தவர்கள் இரண்டே பேர், வன்பரணரும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும். 1991 திருத்தத்துக்குப் பிறகு விளையாட்டு வேட்டைக்கு அனுமதி என்ற பேச்சே இல்லை. முயலுக்கும் அதேதான். ஆகவே எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு இந்த ஊரில் பதில் சொல்லவேண்டிய அவசியம் எனக்கில்லை. கேட்டே தீருவேன் என்கிறவருக்கு 'ஜங்கிள் லோர்' வாங்கிக் கொடுப்பேன், பித்தளைக் கம்பி வரும் பக்கத்தை மடித்து.

மாமாவின் ஏர்கன் இப்போது பரணில் கிடக்கிறது. ஸ்பிரிங் போய்விட்டது. சரிபண்ணித் தரட்டுமா என்று போன வருஷம் ஒருத்தர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.