மொழி தெரியாத கோச்

பெங்களூரு எஃப்சி அணிக்குப் புது கோச் வரும்போதெல்லாம் கண்டீரவா ஸ்டேடியத்தில் ஒரு கேள்வி எழும்: இந்த வெள்ளைக்காரர் நம் பையன்களோடு எப்படிப் பேசுவார்? ஆஷ்லி வெஸ்ட்வுட் வந்த முதல் சீசனிலேயே, 2013-14-ல், ஐ-லீக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். ஸ்பெயின்காரரான ஆல்பெர்ட் ரோகா 2016-ல் ஏஎஃப்சி கோப்பை இறுதிப் போட்டிவரை அணியைக் கூட்டிக்கொண்டு போனார். ஹாக்கியில் ஆஸ்திரேலியர் கிரகாம் ரீட் 41 ஆண்டு வறட்சியை முடித்து டோக்கியோவில் வெண்கலம் வாங்கித் தந்தார். உடனே ‘ஆட்டத்துக்கு ஒரே மொழிதான்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. இன்றைய ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சமாவது ஆங்கிலம் தெரியும், கோச்சுக்கும் தெரியும். பொதுமொழி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதுவும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று பார்த்தால்தான் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்.

அப்படி ஒரு ‘கேஸ்’ நம்மிடம் இருக்கிறது, மைதானத்தில் இல்லை, ஸ்டூடியோவில். எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்கர், 1909-ல் ஒஹாயோ மாநிலத்தின் பார்ட்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். கூடப் படித்த மாணிக் லால் டாண்டன் அழைத்ததால் 1935-ல் இந்தியா வந்தார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். இருந்தது 15 ஆண்டு. எடுத்தது ஒரு டஜனை ஒட்டிய தமிழ்ப் படங்கள். கடைசிவரை தமிழ் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த ஸ்கோர்கார்டை எடைபோட ஓர் எதிராளி வேண்டும், அவரும் பக்கத்திலேயே கிடைக்கிறார். அதே 1935-ல் இன்னோர் அமெரிக்க இயக்குநர் மைசூரில் வந்து இறங்கினார். அவர் ராபர்ட் பிளாஹர்ட்டி, 1922-ல் வந்த ‘நானுக் ஆஃப் தி நார்த்’ மூலம் உலகப்புகழ் பெற்றவர். மகாராஜாவின் ஆதரவு, லண்டனில் அலெக்சாண்டர் கோர்டாவின் பணம், காட்டில் யானைகள் எல்லாம் தயாராக இருந்தன. காராபுரத்து யானைப்பாகனின் மகன் சாபு கதாநாயகனாகக் கிடைத்தான். பிளாஹர்ட்டி நிதானமாகப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார், கதை நகரவில்லை. ஓராண்டுக்கு மேல் பொறுத்த கோர்டா, தம்பி சோல்டானை அனுப்பினார். பிறகு எல்லாரையும் இங்கிலாந்துக்கே வரவழைத்துப் பேச்சுக் காட்சிகளை டென்ஹாம் ஸ்டூடியோவில் எடுத்து ‘எலிபன்ட் பாய்’ படத்தை முடித்தார்கள். 1937-ல் வெனிஸ் விழாவில் பிளாஹர்ட்டி, சோல்டான் இருவருக்கும் சேர்த்துச் சிறந்த இயக்கத்துக்கான பரிசு கிடைத்தது, அது வேறு விஷயம். மைசூர்க் காட்டில் அடித்த ரன் எவ்வளவு என்று கேட்டால் பிளாஹர்ட்டியின் கணக்கு குறைவுதான். அனுபவமே இல்லாத 26 வயது டங்கனோ, மறு ஆண்டிலேயே ஒரு முழுப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்தப் படம் ‘சதி லீலாவதி’ (1936). டாண்டனுக்கு வந்த வாய்ப்பு. அவர் கல்கத்தாவில் கே.பி. சுந்தராம்பாளின் ‘நந்தனார்’ வேலையில் மாட்டிக்கொண்டிருந்ததால், தயாரிப்பாளர் மருதாசலம் செட்டியாரிடம் நண்பனைக் கைகாட்டினார். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர்தான் டங்கன். எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய குடி கெடுத்த குடும்பக் கதை அது. ‘பதிபக்தி’ நாடகத்தோடு மோதி வழக்குமன்றம்வரை போனது. இரண்டுக்குமே மூலம் திருமதி ஹென்றி வுட் எழுதிய ஆங்கில நாவல் என்று வாசன் சொல்ல, வழக்கு அடங்கியது. அதில் நமக்கு வேலையில்லை. நமக்கு வேலை, டங்கன் கையில் கிடைத்த ஆட்டக்காரர்களிடம்.

அத்தனை பேரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் திறப்பார்கள். யாரோடு பேசினாலும் முகம் சபையைத்தான் பார்க்கும். கையும் காலும் பாட்டுக்கு ஏற்றபடி ஆடும். பழக்கப்பட்ட இந்த ‘டெக்னிக்’ கேமராவுக்கு முன்னால் தப்பாகத் தெரிகிறது என்று சொல்ல, வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார். உள்ளூர் இயக்குநர்களில் பலர் அதே நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் என்பதால் அவர்கள் காதுக்கு அது குறையாகவே படவில்லை. வசனம் புரியாத டங்கனுக்குக் கண்ணில் தெரிந்தது உடம்பு மட்டும்தான். சொன்ன சொல் சரியா என்று உதவியாளர் பார்த்துக்கொள்வார், சொன்ன விதம் சரியா என்று இவர் பார்ப்பார். தமிழ் சினிமாவில் நடிகரைக் கண்ணால் மட்டும் அளந்த முதல் ஆள் இவர்தான் என்பேன்.

நான் இருப்பது ஒக்கலிபுரத்தில். சென்னைத் தண்டவாளமும் துமகூருத் தண்டவாளமும் பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வீட்டில் தமிழும் வாசலில் கன்னடமும் கடையில் இந்தியுமாக வளர்ந்த பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ரன்னுக்கு அழைப்பவன் எந்த மொழியில் கத்தினாலும் எதிர்முனைக்காரன் கவனிப்பது அவன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான். அதனால் டங்கன் வேலை செய்த முறை எங்களுக்குப் பெரிய அதிசயமாகப் படுவதில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. எங்கள் ஸ்ரீராமபுரம், ஒக்கலிபுரம் பக்கத்து எம்.ஜி.ஆர் ரசிகர்கள் ‘வாத்தியாரைக் கண்டுபிடித்தவர் டங்கன்’ என்று சொல்வதைக் குறைத்துக்கொள்ளலாம். சதி லீலாவதியில் எம்.ஜி.ஆர், டி.எஸ். பாலையா இருவரும் அறிமுகமானார்கள் என்பது உண்மை. ஆனால் எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வர 1947 ஆயிற்று. பதினோரு ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை முதல் நாளே அடையாளம் கண்டதாகச் சொன்னால் கணக்கு இடிக்கும். அந்தப் படத்தில் டங்கன் சரியாக முன்வரிசையில் வைத்தது வில்லன் பாலையாவைத்தான். அடுத்த ஆண்டே அவரை மறுபடியும் அழைத்தார்.

அடுத்த ஆண்டு ‘அம்பிகாபதி’ (1937). என் கணக்கில் டங்கனின் சிறந்த ஆட்டம் இது. கேமராவோ செட்டோ அல்ல காரணம், தன் பலவீனம் எது என்று தெரிந்து அந்த இடத்துக்குச் சரியான ஆளை நிறுத்தியதே காரணம். ‘மணிக்கொடி’ இதழில் எழுதிக்கொண்டிருந்த இளங்கோவன் வசனம் எழுத வந்தார். கம்பன் மகன், சோழன் மகள், நடுவில் சாவு. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டிலிருந்து தனக்குப் பிடித்த இடங்களை டங்கன் காட்ட, இளங்கோவன் அதைத் தமிழாக்கிக்கொண்டார். அதுவரை தமிழ்ப் படத்தில் வசனம் என்பது ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஒப்பேற்றுகிற பேச்சு. இளங்கோவனுக்குப் பிறகுதான் ‘வசனம்’ என்று தனியாகப் பெயர் போட்டு மரியாதை கொடுக்கும் வழக்கம் வேர் பிடித்தது. தமிழே தெரியாத ஒருவரின் படத்தில் தமிழ் வசனத்துக்கு மவுசு பிறந்தது என்பதைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை. தமிழ் தெரிந்த இயக்குநராக இருந்திருந்தால் தானே இரண்டு வரி திருத்தியிருப்பார், வித்வான் சொல்வதைக் கேட்டுப் பழைய நடையிலேயே விட்டிருப்பார். டங்கன் அந்தப் பொறுப்பை முழுதாக இளங்கோவன் கையில் கொடுத்தார், கொடுக்க வேண்டியிருந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரல் பாட்டைப் பார்த்துக்கொண்டது, பாபநாசம் சிவன் பாட்டு எழுதினார். மிச்சமிருந்த காதலர்களின் நெருக்கம், நிலா வெளிச்சம், யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் டங்கனின் பேட்டை. பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் அவ்வளவு பக்கத்தில் நின்றது அன்றைய சபைக்குப் புதுசு. படம் பெரிய வெற்றி.

நல்ல அலசலுக்குத் தோல்வியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ‘காளமேகம்’ (1940). கதாநாயகன் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை. பேரைக் கேட்டாலே டிக்கெட் விற்கும் என்று தயாரிப்புத் தரப்பு நினைத்திருக்கும். விற்கவில்லை. ராஜரத்தினத்துக்கு நடிப்பு வராததுதான் காரணம் என்பார்கள். எனக்குக் கோளாறு இன்னும் முன்னாலேயே, அணித் தேர்விலேயே தெரிகிறது. காளமேகப் புலவரின் பலம் சிலேடை. ஒரே வரியில் இரண்டு பொருளை ஒளித்துவைத்து அரசவையை மடக்குகிறவர் அவர். அந்தப் புலவரைப் பற்றிய படத்தை, ஒரு பொருளே புரியாத இயக்குநரிடம் கொடுத்தால் அவர் எதைப் பார்த்து ‘ஓகே’ சொல்வார்? சபை எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? உடம்பால் காட்ட முடியாத திறமை அது. மொழி தெரியாத கோச்சுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்குக் காளமேகத்தைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அதே 1940-ல் ‘சகுந்தலை’. எம்.எஸ். சுப்புலட்சுமி, ஜி.என். பாலசுப்பிரமணியம் என்று இரண்டு சங்கீத நட்சத்திரங்கள். ஜி.என்.பி. துஷ்யந்தனாக நடித்தார் என்பதைவிட அழகாக நின்றார் என்று சொன்னால் போதும்.

‘மீரா’வுக்கு (1945) நேராக வந்துவிடலாம். எம்.எஸ். மொத்தம் நடித்தது நான்கு கதைகளில்தான். அதில் இரண்டு டங்கனுடையவை, கடைசிக் கதை மீரா. எம்.எஸ். பயிற்சி பெற்ற நடிகை இல்லை, குரல்தான் அவருடைய நடிப்பு. அந்தக் குரலுக்குப் பொருத்தமான முகத்தைத் திரையில் உண்டாக்குவது இயக்குநரின் வேலை. டங்கன் செய்தது ஒரு பயிற்சியாளரின் காரியம். எம்.எஸ்ஸின் தலையைச் சிலையாகச் செய்யச் சொன்னார். பிளாஸ்டர் தலை தயாரானதும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து விளக்கை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி வைத்து, எந்தக் கோணத்தில் எந்த ஒளியில் முகம் என்ன ஆகிறது என்று சோதித்தார்கள். நிஜ எம்.எஸ். கேமரா முன் வந்து நின்றபோது விடை ஏற்கெனவே கையில் இருந்தது. எதிரணிப் பந்துவீச்சை வீடியோவில் பிரித்துப் பார்க்கும் இன்றைய அனலிஸ்ட்டுக்கு 1940-களிலேயே ஒரு முன்னோடி. ராஜஸ்தானுக்கும் துவாரகைக்கும் போய் அசல் இடங்களில் எடுத்தார்கள், சென்னை நியூடோன் ஸ்டூடியோவிலும் எடுத்தார்கள். எழுத்தாளர் கல்கியும் எம்.எஸ்ஸின் கணவர் சதாசிவமும் எழுத்தைப் பார்த்துக்கொண்டார்கள், எஸ்.வி. வெங்கட்ராமன் இசையை. டங்கனுக்குக் கண்ணின் வேலை மட்டும் மிச்சம். 1947-ல் வந்த இந்திப் பதிப்பில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்ஸை வட இந்தியாவுக்கு அறிமுகப்படுத்தினார்.

யுத்த காலத்தில் சென்னை அரசாங்கத்துக்காகச் செய்திப்படங்கள் எடுத்ததும் உண்டு. யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் ஆட்டத்தின் விதியே மாறியிருந்தது. 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக ‘பொன்முடி’ எடுத்தார், பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ கதை. காதல் காட்சிகள் அத்துமீறியதாகப் பேச்சு கிளம்பியது. அம்பிகாபதி காலத்தில் புதுமை என்று கைதட்டியவர்கள் இப்போது அமெரிக்கத்தனம் என்றார்கள். அதே ஆண்டு ‘மந்திரி குமாரி’. குண்டலகேசிக் கதையை மு. கருணாநிதி வசனமாக்கியிருந்தார். எம்.ஜி.ஆர் கதாநாயகன், ஆனால் சபை எஸ்.ஏ. நடராஜன் பேசும் வில்லத்தனத்துக்குக் கை தட்டியது. இளங்கோவன் திறந்த வாசல் வழியாக அடுக்குமொழி உள்ளே வந்து வீட்டையே எடுத்துக்கொண்டிருந்தது. மக்கள் இப்போது படத்துக்குக் கேட்க வந்தார்கள். கேட்கத் தெரியாத இயக்குநருக்கு அங்கே என்ன வேலை? படம் பாதியில் இருக்கும்போது டங்கன் விலகினார், முதலாளி டி.ஆர். சுந்தரமே முடித்தார். டைட்டிலில் இருவர் பெயரும் இருக்கின்றன. விலகியதற்குச் சொந்தக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆட்டத்தை மட்டும் பார்க்கிற எனக்கு, சரியான ஓவரில் நடந்த ‘டிக்ளேர்’ அது. இன்னும் ஐந்து ஆண்டு நின்றிருந்தால் காளமேகங்கள் பெருகியிருக்கும்.

அமெரிக்கா திரும்பி மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்தில் ஆவணப்படங்கள் எடுத்தார். 2001 டிசம்பர் 1 அன்று, 92 வயதில் அங்கேயே காலமானார். கரண் பாலி 2013-ல் ‘அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ என்று அவரைப் பற்றி ஒரு படம் எடுத்திருக்கிறார். பிளாஹர்ட்டி பெயர் உலகத்துச் சினிமாப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது, டங்கன் பெயர் அதில் வராது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒருவர் புது வடிவத்தையே கண்டுபிடித்தவர், மற்றவர் கிடைத்த அணியை ஒழுங்காக ஆடவைத்தவர். இரண்டுக்கும் ஒரே மார்க் போட முடியாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். ‘மீரா’வைப் போட்டு ஒலியை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். எம்.எஸ்ஸின் குரலே இல்லாத எம்.எஸ். படம் என்பது கேட்கவே அபசாரமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. யார் யாரைப் பார்க்கிறார்கள், எதற்காகத் திரும்புகிறார்கள் என்று புரிந்துகொண்டே போகும். அடுத்து ‘மந்திரி குமாரி’யை அதே மாதிரி பாருங்கள். பெரும்பாலான இடங்களில் கை ரிமோட்டைத் தேடும். கணவன் மனைவியைத் தள்ளிவிடக் கூட்டிப்போகும் அந்த மலையுச்சிக் காட்சியில் மட்டும் தேடாது. அவள் அவனைச் சுற்றி வருகிறாள், மூன்று சுற்று, பின்னால் வந்து நிற்கிறாள். அந்தக் காட்சியை எடுத்தது டங்கனா சுந்தரமா என்று வேண்டுமானால் சண்டை போடலாம். நான் டங்கன் பக்கம்.