ஒரே பெயர், மூன்று அடித்தளங்கள்

மெய்நிகர் கணினிகளை இயக்கும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ, அதன் மேக் வடிவமான ஃப்யூஷன் ப்ரோ இரண்டையும் 2024 நவம்பரில் விஎம்வேரின் உரிமையாளரான பிராட்காம் எல்லோருக்கும் இலவசமாக்கியது. வணிகப் பயன்பாட்டுக்கும் காசில்லை. அன்றிலிருந்து எங்கும் ஒரே பரிந்துரை: விண்டோஸோ லினக்ஸோ மேக்கோ, விஎம்வேரையே போடுங்கள், ஒன்றைக் கற்றால் மூன்றிலும் வேலை நடக்கும்.

மென்பொருள் நல்லதுதான். 1999 முதல் பண்பட்டு வந்த ஒன்று. ஸ்னாப்ஷாட்டும் கிராஃபிக்ஸும் நேர்த்தியானவை. போட்டி மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் பேக்கை அலுவலகத்தில் நிறுவிவிட்டு உரிமச் சிக்கலில் மாட்டுவதைவிட இது மேல்.

ஆனால் 'எங்கும் ஒரே மென்பொருள்' என்பது உண்மையல்ல. பெயர்தான் ஒன்று. விண்டோஸில் ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால், வொர்க்ஸ்டேஷன் அந்த மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்வைசர்மேல் ஏறி உட்கார்ந்துதான் ஓடுகிறது, வேகம் குறைகிறது. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ஃப்யூஷன் ஆர்ம் இயங்குதளங்களை மட்டுமே ஏற்கும். இன்டெல் கணினியில் உருவாக்கிய விண்டோஸ் மெய்நிகர் கணினியை அங்கே கொண்டுபோனால் இயங்காது. பிறகு எதை ஒன்று என்கிறோம்?

லினக்ஸில்தான் இந்தப் பரிந்துரை எனக்குப் பொறுக்க முடியாததாகிறது. வொர்க்ஸ்டேஷனின் விஎம்எம்ஆன், விஎம்நெட் என்ற இரண்டு மாட்யூல்கள் கெர்னலுக்கு வெளியே இருந்து வந்து அதனுள் நுழைய வேண்டும். கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. அது லினக்ஸின் அறிவிக்கப்பட்ட கொள்கை. ஆகவே கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மாட்யூல்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். புதிய கெர்னலோடு அவை ஒத்துப்போகாவிட்டால், யாரோ ஒரு தன்னார்வலர் எழுதிய பேட்ச்சைத் தேடி அலைய வேண்டும். செக்யூர் பூட் இருந்தால் மாட்யூலுக்கு நீங்களே கையொப்பமும் இட வேண்டும். பாதுகாப்புக்காகக் கெர்னலைப் புதுப்பித்தவரின் மெய்நிகர் கணினி மறுநாள் காலை எழாமல் போகிறது. பயந்துபோய் அவர் அடுத்த புதுப்பிப்பைத் தள்ளிப்போடுகிறார். இதைவிடக் கெட்ட பழக்கத்தை ஒரு மென்பொருள் கற்றுத்தர முடியாது.

லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம் 2007 பிப்ரவரியில், 2.6.20 பதிப்பிலேயே, கெர்னலுக்குள் வந்துவிட்டது. கெர்னல் மாறும்போது அதுவும் கூடவே மாறுகிறது. அதைக் கையாள உதவும் விர்ட்-மேனேஜரின் முகப்பு பழசாகத் தெரியலாம், உள்ளே ஓடும் விண்டோஸுக்கு விர்ட்ஐஓ டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கலாம். ஒருநாள் உழைப்பு அது. அதற்குச் சோம்பிக்கொண்டு, வீட்டிலேயே இருக்கும் ஹைப்பர்வைசரை ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்து ஒன்றை அழைத்துவருவது எனக்குப் புரியவே இல்லை.

ஆகவே விண்டோஸ் ப்ரோவில் ஹைப்பர்-வி, லினக்ஸில் கேவிஎம், மேக்கில் யூடிஎம் என்ற மென்பொருள். மூன்று முகப்புகளைக் கற்க வேண்டும்தான். 'இலவச' வொர்க்ஸ்டேஷனிலோ, பழுது வந்தால் நிறுவனத்திடம் முறையிடும் வசதியையும் இலவச அறிவிப்போடு சேர்த்தே எடுத்துவிட்டார்கள். மாட்யூல் கம்பைல் ஆகாத காலையில், பரிந்துரைத்தவர்கள் யாரிடம் போகச் சொல்கிறார்கள்?