யாருடைய கணக்கில் இந்த வெற்றி?

இரண்டாம் உலகப் போரை வென்றது யார்? சோவியத்தா, அமெரிக்காவா, பிரிட்டனா? ஆண்கள் கூடிப் பேசும் இடங்களில் இந்த வழக்கு ஓய்வதே இல்லை. சோவியத் தரப்பு தான் இழந்த சுமார் 2.7 கோடி உயிர்களை எடுத்து வைக்கும். அமெரிக்கத் தரப்பு செஞ்சேனைக்கு அனுப்பிய ஏறத்தாழ 4 லட்சம் லாரி, ஜீப்புகளைக் காட்டும். பிரிட்டன், 1940இல் தனித்து நின்றோம் என்னும். காலனிகளைச் சேர்க்காமல் எண்ணினால் தனித்துத்தான்.

நான் சோவியத் பக்கம் சாய்பவள். ஜெர்மன் ராணுவத்தின் முதுகெலும்பு கிழக்கு முனையில்தான் முறிந்தது. ஆனால் அந்தச் சேனையில் சுமார் 8 லட்சம் பெண்கள் இருந்தார்கள். ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் அவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதிய நூல் 1985இல்தான் வந்தது. துப்பாக்கி பிடித்தவர்களோடு துணி வெளுத்தவர்களையும் ரொட்டி சுட்டவர்களையும் அவர் பேசவிட்டார். ஊர் திரும்பியபின் பதக்கங்களை ஒளித்து வைத்தவர்கள் அதில் உண்டு.

நம் ஆட்களும் இப்போது இந்த வழக்கில் சேர்ந்துவிட்டார்கள். 25 லட்சம் பேர், உலகின் மிகப் பெரிய தன்னார்வப் படை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் 1943 வங்கப் பஞ்சத்தில் மாண்ட சுமார் 30 லட்சம் பேர் 'பங்களிப்பு' என்ற தலைப்பின்கீழ் வருவதில்லை. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தமிழர்களும், தோட்டங்களில் காத்திருந்த அவர்களுடைய மனைவிமாரும் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை.

நிலக்கரிச் சுரங்கத்தைப் பாருங்கள். பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதற்கு 1937இல் முழுத் தடை வந்தது. போர் வந்ததும் ரயிலுக்கும் ஆலைக்கும் கரி போதவில்லை. அதிகக் கூலி கிடைத்த ராணுவக் கட்டுமான வேலைகளுக்கு ஆண்கள் போய்விட்டார்கள். 1943இல் அரசு தடையை நீக்கியது. வங்காளத்திலும் பீகாரிலும் மீண்டும் குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசி, தலித் பெண்கள். அகில இந்திய மாதர் மாநாடு எதிர்த்தது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர், அப்போது தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அம்பேத்கர். இது அவசரகால ஏற்பாடு என்றார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதையும் சுட்டிக்காட்டினார். நெருக்கடியில் நின்று சொன்ன பதில் அது. எனக்கு அது போதவில்லை. 1946இல் தடை திரும்பி வந்தது. பெண்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

பெரியபாளையத்தில் சில பெண்களோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு கம்பெனி வேனில் போய்வரும் ஒருத்தி சொன்னாள்: "ஆர்டர் இருந்தா கூப்புடுவாங்க, முடிஞ்சா வராதேன்னுடுவாங்க. அதானேக்கா?"

ஒரே கூலி என்று சபையில் சொன்னதையும் அவளிடம் சொன்னேன்.

"கையில வாங்குனாங்களா?" என்றாள்.